ஓரம் குறைந்த எட்டுக் காசு

ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்து இருபது வருஷமாகச் சில்லறை எண்ணுகிறவர் வன்னியராஜ். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். திருவனந்தபுரம் கரமனையில் வாடகை வீடு, மனைவி கலைச்செல்வி, தவமிருந்து பெற்ற மூன்று வயது மகள் சுஜா. குடி, புகை ஒன்றும் கிடையாது. காசுப் பைத்தியம் உண்டு. அதுவும் செல்லாக் காசு.

வீட்டுக்கு யார் வந்தாலும், உறையில் போட்ட அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் எட்டுக் காசு நாணயம் ஒன்றைக் காட்டி அறுக்க ஆரம்பித்துவிடுவார். அந்தச் செப்புக் காசின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு இருக்காது. நாணயச் சாலையில் செப்புத் தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டும்போதே நேர்ந்த பிழை, அதற்குப் பிறகுதான் அச்சடித்தார்கள், ஆகவே வெட்டு மழமழவென்று இருக்கும், நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கும் என்பார். பிற்பாடு எவனாவது வெட்டிய காசு என்றால் வெட்டு கையைக் கிழிக்கும், எதிர் விளிம்பு முழுசாக நிற்குமாம். கேட்டுக் கேட்டுக் கலைச்செல்விக்கே மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உறை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் சுஜா தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எக்ஸ்ரேயில், பிள்ளையின் வயிற்றுக்குள் ஓரம் குறைந்த வட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த எட்டுக் காசேதான்.

மழுங்கலான காசு என்றால் தானாக வெளியே வந்துவிடும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர் ஜெஸி. கூர்மையானது என்றால் குடலுக்குள் இறங்குவதற்குள் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தாக வேண்டும். ஓரம் எப்படி என்று கேட்டார்.

வன்னியராஜுக்கு முன்னால் கலைச்செல்வி முந்திக்கொண்டாள்.

"கிழிக்காது மேடம். அடிக்கும்போதே வந்த குறை. இவுக எல்லார்ட்டயும் சொல்லுவாக."

டாக்டர் நிம்மதியாகச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

வாங்கிய அன்றைக்கே லென்ஸ் வைத்துப் பார்த்தவர் வன்னியராஜ். வெட்டில் ரம்பம் ஓடிய கோடுகள் இருந்தன, இரண்டு முனையும் முள்ளாக நின்றன. ஏமாந்துவிட்டோம் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அதையே பெருமையாக்கி ஊரெல்லாம் பேசிவிட்டார். இப்போது செல்போனிலிருந்த காசின் படத்தைப் பெரிதாக்கினார். எதிர் விளிம்பு மங்கியிருக்கக் கூடாதா என்று குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். அது முழுசாக நின்றது. மூன்று வயசுப் பிள்ளைக்கு மயக்க மருந்து என்றால் பயம்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

"எழுதாதீங்க டாக்டர்," என்றார். "அது வெட்டுன காசு. முனை கிழிக்கும்."

கலைச்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளையை உள்ளே கொண்டுபோன பிறகு அந்தக் கதவைத் தவிர வேறெதையும் வன்னியராஜால் பார்க்க முடியவில்லை. ஒரு வழியாக டாக்டர் வந்தார். இரைப்பையிலேயே பிடித்துவிட்டோம், குடலில் இறங்கவில்லை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். காசைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

கலைச்செல்வி அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"வாங்குன அன்னைக்கே."

"சோறு திங்காம அழுதா. இது கிழிக்காதுன்னு நீங்க சொன்னத நம்பி, வெளையாட நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அதுவரை எப்படியோ நின்றுகொண்டிருந்த வன்னியராஜ் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.