ஏரி மிக்ஸ் ஏழு

கோட்டைக்குப்பத்தில் வந்து ஜெகதீஸ்வரன் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பார்கள். டிஜே ஜெகா என்று கேட்டுப் பாருங்கள், மீன் ஏலம் போடுகிற பெண்கள்கூட இறால் கையோடு வழி காட்டுவார்கள். பழவேற்காடு ஏரியைச் சுற்றிக் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் அவன் ஸ்பீக்கர் பாக்ஸ் அலறினால்தான் விசேஷம் விசேஷமாக இருக்கும். அப்பேர்ப்பட்டவன், செத்துப்போன பெண்டாட்டியின் குரலை ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்று இரண்டு வருஷம் நாயாக அலைந்தான். அதில் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அழித்தவனே அவன்தான்.

இருபது வயதில் சென்னையில் ஒரு ஹோட்டலின் நடனக்கூடத்துக்குப் பெட்டி தூக்கப் போனான். அங்கே இசைத்தட்டு சுழற்றுகிறவர்களின் விரலையே பார்த்துப் பார்த்து வேலையைப் பிடித்துக்கொண்டான். ஹோட்டல்காரர்கள் சிடிக்கு மாறியபோது தட்டு சுழலுகிற டர்ன்டேபிள்கள் இரண்டை மூலையில் போட்டார்கள். அவற்றைக் கெஞ்சி வாங்கி, கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். ஊரே கூடிவிட்டது.

"இன்னாடா ஜெகா, தோசக்கல்லா? ஓட்டலு கீட்டலு வைக்கப் போறியா?"

அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி வந்த அமுதவல்லியும் மூன்றாம் நாளே, "யோவ், உன் தோசக்கல்லக் கொஞ்சம் நவுத்து, பெருக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அமுதவல்லி ஏரிக்கு நடுவே தீவாகக் கிடக்கிற பசியாவரத்துப் பெண். படகுக்குப் படகு கூப்பிட்டுப் பேசி வளர்ந்தவளுக்குத் தொண்டை சின்னதாக இருக்குமா? கூடையை இறக்கி வைத்து நண்டு விலை சொன்னாளென்றால் அடுத்த தெருக்காரிக்கு எட்டும். மெதுவாகப் பேசு என்று ஜெகா சொல்லாத நாளில்லை. அவளும் சரி சரி என்பாள். அடுத்த நிமிஷம் அதே சத்தம்தான்.

ஒரு தட்டில் தாளத்தை ஓடவிட்டு, இன்னொன்றில் பாட்டை விரலால் தள்ளித் தள்ளி நிறுத்தி, இரண்டும் ஒன்றில் ஒன்று வந்து சேருகிறபடி செய்வான் ஜெகா. ஒரு மணி நேரத்துக்கு இடைவெளியே இருக்காது. சும்மா சொல்லக்கூடாது, கேட்கிறவனுக்குக் கால் நிற்காது. ஆனால் அதைப் பதிவு செய்வதற்குள் அவனுக்கு உயிர் போய்விடும். உப்புக்காற்றில் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்து, மாதத்துக்கு ஒன்று செத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒயரே வேண்டாமென்று, ஸ்பீக்கருக்கு எதிரே ஸ்டூல் போட்டு அதன்மேல் போனை வைத்துப் பதிவு செய்தான். காக்கை கத்தியதும், ஃபேன் முனகியதும், குழாயடிச் சண்டையும், அமுதவல்லி போட்ட சத்தமும் பாட்டோடு பாட்டாக ஏறின.

ஏரி மிக்ஸ் ஒன்று, ஏரி மிக்ஸ் இரண்டு என்று எண் போட்டு வெளியே விட்டான். வலைக்குப் போகிறவர்கள் மெமரி கார்டைக் கொண்டுவந்து, "ரொப்பிக் குடு ஜெகா" என்று நீட்டுவார்கள். கார்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதென்று கொடுத்தவனுக்கே தெரியாது. அழிப்பதும் ஏற்றுவதும் அவன் இஷ்டம். வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஏழு மிக்ஸ் வந்தது.

ஏழுக்குப் பிறகு ஒன்று நடந்தது. அவன் வேலையில் இருக்கும்போது அமுதவல்லி அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அப்பாடா, ஒருவழியாக இவளுக்குப் புத்தி வந்ததே என்று ஜெகாவுக்கு நிம்மதி. ஏன் என்று அவன் கேட்டதில்லை.

பிறகு லேப்டாப் வந்தது, அதோடு சேர்த்து மிக்ஸ் செய்கிற கன்ட்ரோலர் வந்தது. டர்ன்டேபிள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் போயின. தாளத்தைத் தேடிக் கையால் பிடிக்க வேண்டியதில்லை, திரையிலேயே கோடு கோடாகத் தெரிந்தது. அந்த நாளில்தான் வாட்ஸப் குழுவில் வெளியூர் டிஜே ஒருவன் எழுதினான்: 'மிக்ஸ் செம தலைவா. பின்னால யாரு அந்தம்மா, சோத்துக்குக் கூவுது?' கூடவே சிரிப்புப் பொம்மைகள் ஒரு வரிசை. குழுவே சிரித்தது. ஜெகாவுக்கு மானம் போய்விட்டது.

ஒரு மாதம் உட்கார்ந்து ஏழு மிக்ஸையும் லேப்டாப்பில் புதிதாகச் செய்தான். காக்கை இல்லை, ஃபேன் இல்லை, அமுதவல்லி இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தம். பழையதை ஒருத்தரும் வைத்திருக்கக் கூடாது என்று குழுவில் சொல்லி, ஊர் கார்டையெல்லாம் வாங்கி அழித்துப் புதியதை ஏற்றினான். சுண்ணாம்புக்குளம் வரை பைக்கில் போய் அழித்தான். அவனவன் தன் தப்பைத்தான் இப்படி ஓடி ஓடி மறைப்பான். இவன் தன் வீட்டுச் சோற்றுக்குக் கூப்பிட்ட குரலைப் போய் அழித்தான்.

அமுதவல்லி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்யா, என் கொரலு அவ்ளோ அசிங்கமாவா கீது?"

"அப்டி இல்ல அமுதா. தொழிலுனா சுத்தமா இருக்கணும்ல?"

"செய், செய்" என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். கடைசி இரண்டு நாளும் மூக்கிலும் வாயிலும் குழாய் செருகியிருந்ததால் ஒரு வார்த்தையும் பேசாமலே போய்விட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள், அர்ச்சனா. பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்தது. வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு நாள் அப்பாவுக்குப் போன் செய்து, பேச்சே வராமல் அழுதாள். ஜெகா பதறிப்போனான்.

"நைனா, அம்மா கொரலு எனக்கு மறந்து போச்சு நைனா. கண்ண மூடுனா மொகம் வருது, வாய் அசையுது, சத்தம் வரல. உன்கிட்ட எதுனா கீதா?"

"இருக்காம எங்க போவும்? தேடித் தரேம்மா" என்று சொல்லிவிட்டான்.

சொன்னானே தவிர, தேடியபோதுதான் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அமுதவல்லி வைத்திருந்தது பட்டன் போன். வீடியோ எடுக்கப் போனால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள். சரி, அர்ச்சனாவின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோ இருக்கிறதே என்று போட்டுப் பார்த்தான். அமுதவல்லி பட்டுப்புடவையில் நின்று வந்தவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு எழுத்து கேட்க வேண்டுமே! ஜெகாவின் பாக்ஸ் அடித்த அடியில் எல்லாம் அமுங்கிப் போயிருந்தது. அர்ச்சனா கல்யாண வீடியோவிலும் அதே கதி. மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலும் அதே கதி. அவள் வாய் திறந்த இடத்திலெல்லாம் இவன் பாட்டு போட்டிருந்தான்.

பழைய மிக்ஸ் யாரிடமாவது இருக்கிறதா என்று குழுவில் கேட்டான். 'நீதான அழிக்கச் சொன்ன' என்று பதில் வந்தது. தன் பழைய போனைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தான். இதில் ஒன்றும் மிச்சமில்லை சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகள் போன் செய்யும்போதெல்லாம் 'தேடிக்கினு கீறேன்' என்று சொல்லிச் சொல்லி நாக்கு செத்துப்போயிற்று. பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் பெற்று, குழந்தைக்குப் பேர் வைத்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது.

இந்த மாசியில் ஏலம் போடுகிற இடத்தில் ருக்குவைப் பார்த்தான். பசியாவரத்துச் சடையனின் மனைவி. அமுதவல்லிக்குச் சடையன் ஒருவகையில் தம்பி முறை. நலம் விசாரித்த ருக்கு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"அண்ணி போனா இன்னா அண்ணே, எங்க ஊட்டுக்காரு போட்ல தெனம் சோத்துக்குக் கூப்புட்டுக்கினுதான கீது."

ஜெகா பையைக் கீழே வைத்தான். "இன்னா சொல்ற ருக்கு? திரும்பச் சொல்லு."

விஷயம் இதுதான். ஏரியில் சுத்துவலை கட்ட ஒவ்வொரு ஊருக்கும் முறைநாள் உண்டு. பாடு என்பார்கள். ஜெகா பசியாவரத்துக்குக் கார்டு அழிக்கப் போன அன்று சடையனுக்குப் பாடு. அவன் ஏரியில் இருந்தான். அவன் கார்டு மட்டும் தப்பித்துவிட்டது. தப்பிய கார்டு படகில் இருந்த சின்ன டப்பா ஸ்பீக்கருக்குள்ளேயே உப்புத் துருவேறி ஒட்டிக்கொண்டது. எடுக்க முடியாது, மாற்ற முடியாது. போட்டால் முதலிலிருந்து ஏரி மிக்ஸ் ஏழு ஓடும். அவ்வளவுதான்.

அன்றைக்கே பசியாவரம் போய் நின்றான். ஸ்பீக்கரைக் கொடு என்று கேட்டதற்குச் சடையன் தலையைச் சொறிந்தான். "பேட்டரி செத்துப் போச்சு மாமா. போட் பேட்டரியில ஒயரு குடுத்து முறுக்கி வெச்சிக்கீறேன். கயட்டுனா அப்பால ஓடுமா ஓடாதானு எனக்கே தெரியாது. நாளைக்கி எங்க பாடு. கூட வாயேன்."

மறுநாள் போனான். சடையனோடு வலைக்காரர்கள் இரண்டு பேர். வாடைக்காற்று அடங்கி ஏரி சலனமில்லாமல் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கழி நட்டு வலையைக் கட்டிவிட்டு அவர்கள் ஏறி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சடையன் ஸ்பீக்கரைப் போட்டான். ஜெகா எதிரே பலகையில் போனை வைத்துப் பதிவை அழுத்தினான். அன்று ஸ்டூலின் மேல் வைத்த மாதிரியேதான். தட்டின் கரகரப்போடு தாளம் கிளம்பியது.

"அவ கொரலு வர எம்மா நேரம் ஆவும்?"

"முக்காமணி நேரம் ஆவும். அக்கா கூப்புட்டாதான் நாங்க சோத்த எடுப்போம். ஏழெட்டு வருசமா அதான் பயக்கம்" என்றான் சடையன். பிறகு மற்ற இரண்டு பேரையும் பார்த்து, "இன்னிக்கு யாரும் கத்தக் கூடாது. மாமா ரெக்கார்டு புடிக்குது" என்றான். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எதற்குக் கத்துவார்கள் என்று ஜெகாவுக்குப் புரியவில்லை.

பாட்டு மேல் பாட்டாக வந்தது. காக்கை வந்தது. ஃபேன் முனகியது. ஒரு பாட்டு தேய்ந்து இன்னொன்று எழுகிற இடத்தில், கொஞ்சம் தள்ளி, அடுப்படியிலிருந்து அவள் வந்தாள்.

"யோவ்! சோறு ஆறுதுய்யா. ஒரு வா துன்னுட்டுப் போயேன். காலைலயும் ஒண்ணும் துன்னல நீ."

ஐயோ, அதே தொண்டை. அதே இழுப்பு. ஜெகா இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அது அதோடு முடியவில்லை. அடுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருந்து, இன்னொரு குரல் வெடித்தது.

"ஏய், வாய மூட்றீ! ரெக்கார்டு ஓடுதுனு தெர்ல? உன் கொரலக் கேக்கவா ஊர்ல கார்டு குடுக்கறான்?"

அது அவன் குரல். அந்தக் கத்தலுக்கு அடியில் ஒரு தட்டு தரையில் படுகிற சத்தம். அப்புறம் மேலே கவிழ்க்கிற தட்டின் சத்தம். அவ்வளவுதான். பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

படகில் யாரும் சோற்றை எடுக்கவில்லை. இப்படிச் சொன்னது ஜெகாவுக்கு நினைவே இல்லை. அத்தனை ஊர் கேட்டிருக்கிறது, இவனுக்கு மட்டும் காதில் விழுந்ததே இல்லை. தாளம் சரியாகச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

"மாமா" என்றான் சடையன், அவன் பக்கம் பார்க்காமல். "அந்த எடத்துலதான் நாங்க கத்துவோம். அக்கா கூப்புட்ட ஒடனே 'தோ வரோம்க்கா'னு மூணு பேரும் சேந்து கத்திருவோம். நீ திட்றது எங்க காதுல வுயக்கூடாதுனுதான். பாவம், அது சோத்துக்குத்தான கூப்புட்டுச்சி."

ஜெகா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். அவர்கள் அவனை அழவிட்டார்கள். வெகுநேரம் கழித்துச் சடையன் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு தட்டில் சோறு போட்டு முன்னால் தள்ளினான். அவனால் ஒரு பருக்கை இறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவை லேப்டாப்பில் போட்டான். திரையில் அவள் குரல் சின்னக் கோடாகவும் அவன் குரல் பெரிய கோடாகவும் தெரிந்தன. அவன் கத்தியது ஆறு வினாடிதான். வெட்டி ஒட்டினால் எப்பேர்ப்பட்ட காதுக்கும் தெரியாது. அந்த வேலையில் அவன் சூரன். ஆனால் தட்டு வைக்கிற சத்தம் அவன் கத்தலுக்கு அடியிலேயே கிடந்தது. இதை வெட்டினால் அதுவும் போய்விடும். சுத்தம் பண்ணுகிறேன் என்று ஒரு தரம் அவளை அழித்தது போதும் என்று தோன்றியது. அப்படியே மகளுக்கு அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. அர்ச்சனா முதலில் அழுதாள். பின்னால் குழந்தை மழலையில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"நைனா..."

"சொல்லும்மா."

"நீ கத்துன அப்பால அம்மா இன்னா சொன்னாங்க? பாட்டு சத்தத்துல எனக்குக் கேக்கல."

"ஒண்ணும் சொல்லலம்மா. தட்ட வெச்சிட்டுப் பூட்டா. அதுக்கப்பால அவ என்னச் சோத்துக்குக் கூப்புடவே இல்ல." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஏன்னு நானும் கேக்கல."