மூன்றாவது குரல்

பிராங்பேர்ட்டுக்கு மேற்கே மைன் ஆறு சற்று வளையும் இடத்தில், வேலை முடிந்த சில மாலைகளில் நான் தூண்டில் போடுவதுண்டு. மீன்பிடி அனுமதி எனக்கு மட்டும்தான் இருந்தது. கீழ் வீட்டு அக்காவுக்கு அது இல்லை. ஆனாலும் கூட வருவார். தடியைத் தொடமாட்டார், மடக்குக் கதிரையில் இருந்தபடி, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்து, அகப்பட்ட மீனில் எது குழம்புக்குத் தேறும் என்று தீர்ப்புச் சொல்லுவார்.

அன்று ஒக்டோபர் மாதம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது அடி தள்ளி ஒரு ஜெர்மன் முதியவர் தூண்டில் போட்டிருந்தார். பச்சை அங்கி. எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார், நாங்களும் உயர்த்தினோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சோளமணியைக் கொளுக்கியில் குத்தி எறிந்தேன். சிவந்த கண்ணுள்ள இரண்டு சின்ன மீன்கள் வந்தன. அக்கா உதட்டைப் பிதுக்க, திரும்ப விட்டேன்.

வெளிச்சம் குறையக் குறைய ஆற்றின்மேல் பனிப்புகை எழுந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. மீன் இழுத்தால் கூவுகின்ற சிறு கருவியைச் சிலர் தடியில் பொருத்தியிருப்பார்கள். முதியவரின் கருவி கூவியது. நின்றது. திரும்பவும் கூவியது. பிறகு விடாமல் கூவிக்கொண்டே இருந்தது.

"அந்த மனுசன் ஏன் அதை நிப்பாட்டாமல் இருக்கிறார்?" என்றார் அக்கா.

"நித்திரை ஆயிருப்பார்."

"இந்தச் சத்தத்துக்கோ? வா பிள்ளை, போய்ப் பாப்பம்."

கதிரை வெறுமையாக இருந்தது. பிளாஸ்க் மூடியில் ஊற்றிய கோப்பியிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. தடி வில்லாய் வளைந்திருந்தது. தண்ணீருக்கு ஒரு முழம் இப்பால், இரண்டு றப்பர் பூட்ஸ்கள் ஆற்றைப் பார்த்தபடி ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. காலுறைகள் மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தன.

அக்கா என் கையைப் பிடித்தார். "தண்ணிக்கை இறங்கிட்டாரோ?"

நான் அவசர எண்ணை அழைத்து இடத்தைச் சொன்னேன். பேசிய பெண், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், கரையில் நின்று கூப்பிடுங்கள் என்றாள். கதிரையில் கிடந்த பையின் மேலே அவருடைய அனுமதி அட்டை இருந்தது. அதிலிருந்த பெயரை நான் சொல்ல, அக்காவும் உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டார். மாறி மாறி அந்தப் பெயரைக் கூப்பிட்டோம். எதிர்க்கரையில் கொங்கிறீற் சுவர் இருந்ததால் எதிரொலி வந்தது.

நாலைந்து தடவை கூப்பிட்டிருப்போம். அக்கா சட்டென்று நிறுத்தினார்.

"பிள்ளை, எதிரொலி நாங்கள் கூப்பிட்ட பிறகெல்லோ வரும்?"

"ஓம்."

"இப்ப வந்தது நாங்கள் கூப்பிட முன்னமே வந்தது."

இருவரும் வாய் மூடி நின்றோம். கருவி மட்டும் கூவியது. பிறகு, எங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கோ, மெல்லிய தெளிவான குரலில் யாரோ அதே பெயரைக் கூப்பிட்டார்கள். தொலைந்துபோன ஒருவரைத் தேடும் குரல். திரும்பிப் பார்க்க இருவருக்கும் துணிவு வரவில்லை. அக்கா வாய்க்குள் முருகனை அழைப்பது கேட்டது.

தீயணைப்பு வீரர்கள் வந்ததும்தான் திரும்பினோம். ஒருவன் விளக்கை ஆற்றின்மேல் ஓடவிட்டான். இன்னொருவன் கரையைச் சுற்றிக் காட்டியபோது, பத்தடி பின்னால் தாழ்ந்து தொங்கிய வில்லோ மரத்தின் கிளைகளுக்குள் பச்சை அங்கி தெரிந்தது. முதியவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. அங்கே எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

வீரன் அருகே போய்த் தோளைத் தொட்டான். முதியவர் எங்களைப் பார்த்து, கவலையோடு ஜெர்மனில் கேட்டார்: "அவர் கிடைத்துவிட்டாரா? நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை."

வீரன் அவரைக் கைத்தாங்கலாய்க் கதிரைக்குக் கொண்டுவந்தான்.

அம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி அபாயமாக இறங்கியிருந்தது. நீரிழிவுக்காரர், ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்திருந்தார். மருந்து ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் முகம் மாறியது. ஏன் கால் இப்படிக் குளிர்கிறது, ஏன் இத்தனை பேர், யாராவது விழுந்துவிட்டார்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒருவரும் விழவில்லை என்றேன்.

அவருடைய தூண்டிலை நான்தான் இழுத்தேன். பெரிய பிராசெ மீன், அக்கா எத்தனை மாலைகளாய்க் கேட்டுக்கொண்டிருந்த அளவு. நான் அக்காவைப் பார்த்தேன்.

"விடு பிள்ளை. இண்டைக்கு எனக்கு மீன் வேண்டாம்," என்றார்.

காரில் வரும்போது வானொலியைப் போடச் சொன்னார். பாட்டு எதுவென்று இருவருக்கும் நினைவில்லை.

முதியவர் தேறிவிட்டார். இப்போதும் சில மாலைகளில் அதே வளைவில் காண்கிறேன். அங்கியின் பையில் எப்போதும் இனிப்பு வைத்திருக்கிறார். ஒருமுறை, அன்றைக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். மரத்தின் கீழ் நின்றீர்கள் என்றேன். வேறு ஏதாவது? இல்லை என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் தக்கையைப் பார்க்கப் போனார்.