மலையைப் பார்த்து ஒரு வாசல்

சைட் இன்ஜினியர் வேலை என்பது, சொன்ன நேரத்துக்கு வராத ஜல்லி லாரிக்காக உச்சி வெயிலில் காத்து நின்று, வந்ததும் "ஏன் லேட்டு?" என்று நாம் கேட்பதற்குள் "ஏனுங்க எறக்க எடமே வெக்கல?" என்று டிரைவரிடம் திட்டு வாங்கிக்கொள்கிற வேலை. இதில் காலம் தள்ளும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள்தான் "அட, நம்ம கதை" என்பீர்கள்.

நான் குமாரபாளையத்துக்காரி. சிவில் டிப்ளமோ, வயசு முப்பத்தஞ்சு. கல்யாணம் நடந்தது, ஒத்துவரவில்லை, பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நீங்களும் கேட்பீர்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. கொல்லிமலை அடிவாரத்தில், மலைவாழ் பிள்ளைகள் படிக்கும் ஒரு சமுதாயக் கல்லூரிக்குப் புதிதாகக் கற்றல் மையம் கட்டும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு பெரிய படிப்பறை, ஒரு கம்ப்யூட்டர் அறை, மலையிலிருந்து பெரியவர்கள் வந்து செடி கொடி, மருந்து, பாட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கூடம். அதுவரை அந்தப் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டே படித்தார்கள். பக்கத்து ஊரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பதினோரு மாசம் அங்கே கிடந்தேன்.

மூன்று நிழல்

எங்கள் சைட்டில் மத்தியானம் சாப்பிட மூன்று நிழல் உண்டு. வேப்பமரத்தடி, கொத்தனார்களுக்கு. செங்கல் அடுக்கி வைத்த அட்டிக்குப் பின்னால், மலையிலிருந்து சித்தாள் வேலைக்கு வரும் பொம்பளைகளுக்கு. சிமென்ட் ரூம் வாசற்படி எனக்கு. கொத்தனார்களோடு உட்கார்ந்தால் அவர்கள் வாயில் பேச்சு வராது. எனக்கோ தனியாகச் சாப்பிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. போனைப் பார்த்துக்கொண்டே தின்பேன். என்ன தின்றேன் என்று கேட்டால் தெரியாது.

ஒரு நாள் மானம் ரோஷம் எல்லாம் பார்க்காமல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு செங்கல் அட்டிப் பக்கம் போனேன். ஆறு பேரும் அத்தனை நேரம் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்சிப். எனக்காக ஒரு சாக்கை உதறி விரித்தார்கள், குழம்பு ஊற்றினார்கள். பத்து நிமிஷத்தில் எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். அவர்களில் பொன்னி கொஞ்சம் வாயாடி. "ஏம்மா, நான் என்ன புலியா? ஏன் எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க?" என்று அவளிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை: "நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா, நாங்க எப்படி மேடம் உங்களத் திட்டறது?"

மண் குவியல் மேல் ஒரு மனுஷர்

தூண் நிறுத்தி மேல்தளம் போட்டு, தூண்களுக்கு நடுவே சுவர் இடுப்பு உயரம் வந்திருந்த நேரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெரியவர் எம்-சாண்ட் மணல் குவியல் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணிப்பை. மகளைச் சேர்ப்பது பற்றிக் கேட்க மலையிலிருந்து இறங்கி வந்தவராம். "காலேஜ் ஆபீஸ் முன்னால இருக்குதுங்க, ரோட்டுப் பக்கமா சுத்திப் போங்க" என்றேன். தலையாட்டினார், நகரவில்லை. பதினொன்றரைக்குப் பார்த்தேன், அங்கேயே இருந்தார். யாராவது வெளியே வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டடத்துக்கு முன்பக்கம் எது? சேலத்தில் வரைபடம் போட்டவருக்கு ரோடு இருக்கும் பக்கம் முன்பக்கம். அதைப் பார்த்துத் தரையில் மார்க்கிங் போட்ட மகராசி நான், எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்தக் காலேஜுக்கு ரோட்டிலிருந்து யார் வருகிறார்கள்? சாமான் லாரியும் ஜீப்பில் வரும் அதிகாரிகளும். பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், பாடம் சொல்லவரும் பெரியவர்கள், எங்கள் சித்தாள்கள் எல்லோரும் மலையடிவார ஒற்றையடிப் பாதையில் பின்பக்கமாகத்தான் வருகிறார்கள். அவர்கள் வரும் பக்கத்தில் நான் எழுப்பிக்கொண்டிருந்தது முழு நீளச் சுவர். நடுவில் நான்கு கக்கூஸ், கக்கூஸுக்குக் குழாய். வீட்டுக்காரர்களுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வீடு! அப்படியே விட்டால் கட்டடம் அருமையாக முடியும், யாருக்காகக் கட்டினோமோ அவர்கள் மட்டும் வாசலுக்கு வர மாட்டார்கள். பெரியவரிடம் மறுபடி போய், "நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க, முன்வாசல்லயே போலாம்" என்றேன். அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இருக்கட்டும் தாயி. அந்தப் பக்கம் போனா எதுக்கு வந்தன்னு மொகத்தப் பாப்பாங்க. இங்க மண்ணுதானே, ஒண்ணும் கேக்காது."

முதலாளிக்கு வந்த ஞானம்

முதலாளிக்குப் போன் போட்டேன். பின்சுவரில் இரண்டு தூணுக்கு நடுவே பெரிய வாசல் விட வேண்டும், கக்கூஸை வேறு பக்கம் மாற்ற வேண்டும், இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "வரைபடத்துல இருக்கறதக் கட்டும்மா" என்று வைத்துவிட்டார். காலேஜ்காரர்களைக் கேட்டேன். அவர்களுக்குச் சந்தோஷம், கடிதமே எழுதினார்கள். கடிதம் அஸ்தம்பட்டி போய் மேஜையில் படுத்துக்கொண்டது. நேரில் போய் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை, "உனக்கு வேற சைட்டு பாக்கட்டுமா?" என்று கேட்டார். அது அக்கறையில் கேட்ட கேள்வி இல்லை என்று உங்களுக்கே தெரியும். திரும்பும் பஸ்ஸில், எதுக்கு இந்த வம்பு, கட்டிக் கொடுத்துவிட்டுப் போவோமே என்றுதான் நினைத்தேன். நினைத்தேனே தவிர, அந்தச் சுவரில் அடுத்த வரி செங்கல் வைக்க மேஸ்திரிக்கு நான் சொல்லவில்லை. பக்கத்துச் சுவர் வேலையையே இழுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என் மரமண்டையில் ஒரு வெளிச்சம். எங்கள் முதலாளி வாஸ்துக்காரரைக் கேட்காமல் மோட்டார் ஸ்விட்ச்கூடப் போட மாட்டார். ரோடு மேற்கே, மலை கிழக்கே. நான் வாஸ்துக்காரரை நேராகப் பிடித்து, சைட்டுக்கே கூட்டிவந்து, பின்சுவர் முன்னால் நிறுத்தினேன். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சரஸ்வதி குடியிருக்கிற இடத்தில் கிழக்கை அடைத்து அங்கே கக்கூஸா? கக்கூஸுக்கென்று வடமேற்கே வாயு மூலை இருக்கும்போது! மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலாளி காரில் வந்து இறங்கினார், மலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "ஏம்மா, கெழக்க ஒரு வாசல் வேணும்னு மொதல்லயே சொல்லோணுமில்ல?"

நிலவு வைத்த அன்று

வாசக்கால் நிறுத்துவதை எங்கள் பக்கம் நிலவு வைப்பது என்போம். நல்ல நேரம் பார்த்து, கால் நிற்கும் குழியில் நவதானியம் போட்டு, சுமங்கலிப் பொம்பளைகள் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த பிறகுதான் மேஸ்திரி தூக்கி நிறுத்துவார். கல்லூரிக் கட்டடமானால் என்ன, மாட்டுக் கொட்டாயானால் என்ன, மேஸ்திரி விட மாட்டார். அன்றைக்கு அவர் குரல் கொடுத்ததும் சித்தாள்கள் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். நான் தூக்குக்குண்டை எடுத்துப் பார்ப்பது போலப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இப்படித் தள்ளி நிற்பதில் எனக்கு நாலு வருஷப் பழக்கம். தம்பி வீட்டு வளைகாப்பில் சமையல்கட்டில் நின்றேன், சித்தி மகள் கல்யாணத்தில் கார் நிறுத்தும் இடத்தில் நின்றேன். யாரும் போகச் சொன்னதில்லை. ஆனால் "வா" என்றும் சொன்னதில்லை.

பொன்னி மஞ்சள் கிண்ணத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள். "நான் இதுக்கெல்லாம் ஆகாதும்மா, நீங்க பாருங்க" என்றேன். மேஸ்திரியும் "அவங்கள உடும்மா, நேரமாவுது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. பொன்னி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் வைத்தாள்: "வாசல் வேணும்னு சண்ட புடிச்சது நீங்க. பொட்டு வெக்க மட்டும் நாங்களா? வாங்க மேடம், வெயில் ஏறுது."

பொங்கலுக்குத் தண்ணீர்

அந்த வாசலுக்கு மேலே மழை நனையாமல் நிற்க ஒரு சிறிய தளம் போட்டோம். கான்கிரீட் போட்டது பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். கான்கிரீட்டுக்குப் பொங்கலும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. தண்ணீர் காட்டாவிட்டால் வெடிப்பு விட்டுவிடும். சித்தாள்கள் மலையேறிவிட்டார்கள், கொத்தனார்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வாட்ச்மேனும் போய்விட்டார். போர்வெல் மோட்டார் வேறு புகைந்துபோயிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, "தளம் காஞ்சுபோயிரும்மா, வர முடியாது" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், தண்ணீர் ஊற்ற ஊருக்குள் ஒரு ஆளைப் பிடித்திருக்கலாம். தம்பி வீட்டில், வந்தவர்கள் எல்லோரும் "அப்புறம், மேற்கொண்டு என்ன முடிவு?" என்று கேட்பதைவிட இந்தத் தளம் தேவலை என்று இருந்துவிட்டேன்.

பொங்கலன்று காலை டேங்கர் தண்ணீர் வந்தது. ஊருக்குள் குலவைச் சத்தம், ஸ்பீக்கரில் பாட்டு. நான் ஏணியில் ஏறி நின்று ஹோஸைப் பிடித்து அந்தக் குட்டித் தளத்தில் தண்ணீர் நிற்கக் கட்டிய பாத்தியை நிரப்பிக்கொண்டிருந்தேன். பேச ஆளில்லாமல் இரண்டு நாள் ஆகியிருந்தது. டிரைவர் வால்வைத் திறந்து விட்டு, "பொங்கலுங்க மேடம்" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஹோஸை அடுத்த பாத்திக்கு மாற்றினேன். வண்டி காலியாகும்வரை அவர் என்னையும் தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புறப்படும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குன்னு யாருமே இல்லீங்களா?"

செருப்பு கிடந்த பக்கம்

திறப்பு விழாவுக்கு நான் இல்லை. அதற்குள் மேச்சேரிப் பக்கம் ஒரு குடோன் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அன்றைக்கு அங்கே அஸ்திவாரத்துக்கு ஃபுட்டிங் கான்கிரீட். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. ரோட்டுப் பக்க வாசல், ரிப்பன், பொன்னாடை, முதலாளி, வாஸ்துக்காரர். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், மலைக்காரர் ஒருத்தர் முகமும் இல்லை. அவ்வளவு பாடுபட்டும் அந்த ஜனம் மண் குவியலில்தான் உட்கார்ந்திருக்கிறதா? போன் செய்து கேட்க எனக்கு யாரும் இல்லை. பொன்னியிடம் போன் கிடையாது. அவளும் அந்த வேலை முடிந்ததும் எங்கே போனாளோ.

மூன்று மாசம் கழித்து, ஒரு ஜன்னல் ஓரம் ஈரம் கசிகிறது என்று புகார் வந்தது. யாரும் கேட்காமலே நான் போகிறேன் என்று வண்டியை எடுத்தேன். ரோட்டுப் பக்க வாசல் சாத்தியிருந்தது. படியில் சருகு. சுற்றிக்கொண்டு கிழக்கே போனேன். செருப்பு! நாற்பது ஐம்பது ஜோடி, படி நிறைய, தளத்துக்கு வெளியேயும் வழிந்து கிடந்தது. தேய்ந்த டயர் செருப்பு, பிள்ளைகள் செருப்பு, சாய்த்து வைத்த ஒரு ஊன்றுகோல். உள்ளே கூடத்தில் ஒரு கிழவர் ஏதோ வேரைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். சுவரோரம் துண்டு விரித்து இரண்டு அப்பாக்கள் நல்ல தூக்கம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. புகார் வந்த ஜன்னலைப் பார்க்கக்கூடத் தோன்றாமல், படிக்குக் கீழேயே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதினேழு பதினெட்டு வயசில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இந்த வருஷம் சேர்ந்தவளாக இருக்கும். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. நான் தயங்குவதைப் பார்த்து அவளே படியிறங்கி வந்தாள்: "ஊருக்குப் புதுசுங்களா? கூச்சப்படாம உள்ள வாங்க, இது எங்க எடந்தான்."

ஆக, கட்டியவளையே விருந்தாளியாக உள்ளே கூப்பிடும் அளவுக்கு ஒரு கட்டடம் அதன் சொந்தக்காரர்களுக்குச் சொந்தமாகிவிட்டால் நம் வேலை சுத்தமாக முடிந்தது என்று அர்த்தம், அதன் பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேச்சேரிக்குத் தனியாக வண்டி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி.