வாசித்துக் காட்டியவர்

தங்கப்பண்ணனை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டவர் என்றாலும் அப்படித்தான். பழவங்காடியில் கடைகளுக்கு மேலே இருந்த தோட்டக் கம்பெனி ஆபீசில் பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜை எனக்கு. அவர் ரைட்டர், நான் டைப்பிஸ்ட்.

மலையில் தேயிலை பறிக்கிறவர்கள் தமிழர்கள். கம்பெனிக் காகிதமோ மலையாளம். எல்லையோரத்துப் பாறசாலைக்காரரான, ரெண்டு பாஷையும் தெரிந்த தங்கப்பண்ணன்தான் ஒவ்வொன்றையும் தமிழில் வாசித்துச் சொல்லி, அடியில் ‘தமிழில் வாசித்துக் காட்டினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் கைநாட்டு. அவர் குரலைக் கேட்டதும் பெருவிரலை நீட்டிவிடுவார்கள், பாவிகள்.

போன ஆடி மழையில், கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து சுடலைமாடத்தியின் புருஷன் செத்துப்போனான். கேஸ் வருமென்று பயந்து மேனேஜர் கிரீஷ், அவள் கைநாட்டு வைக்க ஒரு காகிதம் தயார் செய்தார். சுவர் விழுமென்று கம்பெனி முன்பே எழுதிக் கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதாம். இவர்கள் கைநாட்டு வைத்துவிட்டு, சொந்த விருப்பத்தில் தங்கினார்களாம். டைப் அடித்தது நான்தான்.

“தங்கப்பண்ணா, ஒண்ணும் விஸ்தரிக்க வேண்டாம். புது வீட்டுக்கான அப்ளிகேஷன்னு சொன்னா மதி, அது போதும்,” என்றார் கிரீஷ், மலையாளம் கலந்த தமிழில். “மோளுக்குக் கழக்கூட்டத்துல வேலை ஆரு சொல்லிக் கிடைச்சுது? ஓர்மையிருக்கட்டும்.”

தங்கப்பண்ணன் தலையை ஆட்டினார். என்றைக்கும் ஆட்டுகிற தலைதானே!

சுடலைமாடத்தி வந்து நின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் உள்ளபடி வாசித்தார்.

“நாங்க எப்பண்ணே அப்படிக் கைநாட்டு வச்சோம்?” என்றாள் அவள்.

“ரெண்டு வருஷம் முந்தி. ஓடு மாத்தித் தரச் சொல்லி மனுன்னு சொன்னேன்லா? அது மனு இல்லம்மா. சுவரு விழும், எறங்குங்கன்னு எழுதியிருந்தது. உள்ளதச் சொன்னா எல்லாரும் வேற வீடு கேப்பாங்கன்னு மேலேர்ந்து சொன்னாங்க. மறைச்சிட்டேன்.”

கிரீஷ் கத்திக்கொண்டு எழுந்தார். அதற்குள் தங்கப்பண்ணன் காகிதத்தின் அடியில், ‘இதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முந்தைய காகிதத்தை வாசித்துக் காட்டவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் கையில் திணித்துவிட்டார்.

அவள் அழவில்லை. “அன்னைக்கே வாசிச்சிருந்தா எங்க அக்கா வீட்டுக்குப் போயிருப்போமே அண்ணே,” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். மறுமாசம் மகளுக்கும் வேலை போயிற்று. அதைப் பார்த்து நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

கேஸ் நடக்கிறது. அவள் பக்கம் சாட்சி அவர்தான். போன வாரம் கோர்ட் வராந்தாவில் வக்கீல் குமாஸ்தா அவளிடம் ஒரு காகிதம் கொடுத்துக் கைநாட்டு வைக்கச் சொன்னான். வாசித்துச் சொல்லத் தங்கப்பண்ணன் கையை நீட்டினார். அவள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அவரைத் தாண்டி வந்து என்னிடம் நீட்டினாள்.

“நீங்க வாசிங்க அக்கா. உங்கள நம்பலாம்.”

தங்கப்பண்ணன் என்னைப் பார்த்தார். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய காகிதத்தை டைப் அடித்ததும் நான்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் வாசித்தேன்.