அருளப்பன் திரும்பிப் போன தீவு

போன வெள்ளிக்கிழமை காலை, பாலக்கரையிலிருந்து ஒருவர் சைக்கிளில் ஸ்ரீரங்கம் வந்து, அருளப்பன் முந்தின நாள் மாரடைப்பில் போய்விட்டதாகச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சரக்குக் கப்பல்களில் இன்ஜினியர்களாகப் பல வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவருடைய நாக்குக்குத் தப்பியவர்கள் கப்பலில் யாரும் கிடையாது. நான் அங்கேயும் மரக்கறியே தின்றவன். "கடலைத் தாண்டினப்பவே ஆசாரம் போச்சு ஐயங்காரே. மீனு மட்டும் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார், எல்லார் முன்னாலும்.

1950களின் நடுவில் எங்கள் கப்பல் பழுதாகி ஒரு கிரேக்கத் தீவில் நின்றது. நீராவி பட்டு அருளப்பனின் வலது கை வெந்துபோனது. தீவில் டாக்டர் இல்லை. யானிஸ் என்ற மீனவர் அவரைத் தன் வீட்டில் கிடத்திக்கொண்டார். அவர் மனைவி ரொட்டியைப் பிட்டு ஊட்டினாள். யானிஸ் என்றாலும் அருளப்பன் என்றாலும் பைபிளில் வரும் அதே யோவான்தான். "நம்ம பேரு வச்சவருங்க!" என்று அருளப்பன் பூரித்துப்போனார். கை ஆறியதும் யானிஸோடு படகில் போய் வலை இழுத்தார். மறுபடி வருவதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

பத்து வருஷம் போல ஆயிற்று. கப்பல் பக்கத்துக் கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது இரண்டு நாள் லீவு கிடைத்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் மணப்பாறை முறுக்கு டின்.

மீனவர் வீடுகள் இருந்த கரை முழுக்க ஓட்டல்கள். வலைகள் சாப்பாட்டுக் கூடங்களில் அலங்காரமாகத் தொங்கின. மீன் வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. யானிஸின் வீடு இருந்த இடத்திலும் ஓட்டல்தான், மருமகன் முதலாளி. மாமியார் இறந்துவிட்டாள் என்றான். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று டின்னை வாசலில் வைக்கச் சொன்னான். மாமனார் எங்கே என்று கேட்டோம். "உட்காருங்கள், இப்போது வருவார்."

வந்தார். பழங்காலத்து உடையில், காலைச் சாப்பாட்டு மேஜைகளுக்கு நேரே படகை நிறுத்தி வலையை வீசினார். வலை வெறுமையாக வந்தது. மறுபடி வீசினார். சுற்றுலா வந்திருந்த வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். அங்கே மீன் அற்றுப்போய் வெகுகாலமாகியிருந்தது.

"யானிஸ்!" என்று கத்திக்கொண்டு அருளப்பன் பூட்ஸ் காலோடு தண்ணீரில் இறங்கினார். கிழவர் அவர் கைத் தழும்பைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, முகம் சுருங்கிவிட்டது. உடைந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "போய் உட்கார். மருமகன் பார்க்கிறான். எல்லாரையும் போலக் கை தட்டு."

அருளப்பன் ஈரக் காலோடு வந்து உட்கார்ந்து கை தட்டினார்.

ஊர் திரும்பியதும் வீட்டில் மனைவியிடம், யானிஸ் கட்டிப்பிடித்து அழுததாகவும் முறுக்கை ரசித்துத் தின்றதாகவும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். இப்போது அருளப்பனின் அடக்கம் முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார்கள்.

"அந்தப் பெரியவருக்கும் தகவல் சொல்லணுங்க. இவரைக் கட்டிப்பிடிச்சு அழுதவராச்சே."

"சொல்லிடறேம்மா" என்றேன்.

அருளப்பனைத் தெரிந்தவர்கள் அவர் கேலிகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, தீவிலிருந்து திரும்பும்போது அவர் சொன்ன இதைத்தான்:

"நாம போயிருக்கக் கூடாதுங்க. அந்த வெள்ளைக்காரங்க முன்னாடி அது அவருக்கு வெறும் பொழப்பு. நான் போய் நின்னதும் அவமானமாயிடுச்சு."