சித்தியின் பத்து விரல்

சித்தி பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வலது கை பெட்டியைப் பிடிக்கும். இடது கை சூடான துணியை நீவிக்கொண்டே முன்னால் போகும். ஓய்ந்த நேரத்தில் இரண்டு கையும் சோப்புத் தண்ணீரில். விரிப்புகளின் சுருக்கத்தோடு அவள் விரல்களின் ரேகையும் போய்விட்டது என்பது, இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து ரேகை பதியப் போனபோதுதான் தெரிந்தது.

முதல் தடவை இயந்திரம் பத்தில் மூன்று விரலைத்தான் ஒத்துக்கொண்டது.

"இன்னும் ரெண்டு தடவை வரலாம்மா. அப்பவும் பதியலைன்னா விண்ணப்பம் திரும்பிடும்" என்றார் அதிகாரி.

திரும்பினால், புதிதாகப் போட்டு ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும். ஊரில் பெரியம்மா வீட்டில் வளரும் அவள் மகளுக்குப் பத்து மாதத்தில் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் குடியுரிமை கிடைத்தாலும் பிள்ளை என்று சொல்லி இங்கே அழைத்துக்கொள்ள முடியாது.

சலவைக்கூடத்தில் மூட்டை பிரிப்பவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜோசியக்காரன்கிட்ட கையை நீட்டிராதம்மா. எதிர்காலமே இல்லைன்னு அனுப்பிடுவான்."

"திருடப் போனாக்கூட மாட்ட மாட்டேன்ணே. முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

சிரித்த கையோடு மேற்பார்வையாளரிடம் போனாள். "அடுத்த தடவைக்கு ஆறு வாரம் இருக்கு, ரேகை வளர்ற வரைக்கும் எனக்கு மடிக்கிற வேலை குடுங்க. கையுறை போட்டுக்கிறேன்."

"இஸ்திரிக்கு யாரு நிப்பா?"

"நான் லீவு போட்டா யாரு நிப்பாங்களோ, அவங்க."

ஆறு வாரமும் காலையும் மாலையும் விரல்களுக்கு எண்ணெய். இரண்டாம் முறை என்னையும் கூட்டிக்கொண்டு போன அன்று, முக்கியமான நாளாயிற்றே என்று, கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவிக்கொண்டாள். இயந்திரத்தின் கண்ணாடி முழுக்க வழுவழுவென்று மேகம். அதிகாரி மூன்று முறை துடைத்தார். ஒரு விரலும் பதியவில்லை.

பஸ்ஸில் விரல் விரலாகக் கைக்குட்டையில் எண்ணெயைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணெய் வேண்டாம்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல? எனக்கு விரல்ல போச்சு, உனக்கு வாயில போச்சு."

மூன்றாவது முறைக்கு முந்தின நாளே எண்ணெயை நிறுத்தினாள். அதிகாரி அவள் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தினார். சிவப்பு விளக்கு. இன்னும் அழுத்தினார். சிவப்பு. சித்தி கையை உருவிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார். அழுத்துறது என் தொழில்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து, விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "காஞ்ச துணியை எவ்வளவு அழுத்தினாலும் மடிப்பு நிக்காது. தண்ணி தெளிச்சு ஊற விடணும்."

"வெளிய பதினேழு பேர் நிக்கிறாங்கம்மா."

"எனக்குப் பின்னாடி எழுபது விரிப்பு கிடந்தாலும் ஒவ்வொண்ணாத்தான் சார் தேய்ப்பேன்."

ஈரத்தை ஒற்றி எடுத்தாள். "நீங்க பிடிக்காதீங்க. அழுத்தினா இருக்கிற ரேகையும் நசுங்கிடும்."

தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் விரலை வைத்தாள். பச்சை. அடுத்ததும் பச்சை. ஒன்பது விரல் வந்துவிட்டது. இடது ஆள்காட்டி விரல் மட்டும், பழைய சூட்டுத் தழும்போடு, இரண்டு தடவையும் சிவப்பு.

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஒன்பது போதும்மா. பத்தாவதுக்குத் தழும்புன்னு எழுதிடுறேன்."

"எழுதாதீங்க சார். பின்னாடி எவனாவது அதைப் பார்த்துட்டுத் தழும்புக்கு டாக்டர் கடிதம் கேட்பான்." கைக்குட்டையை மறுபடி நனைத்தாள்.

நாங்கள் மூவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை வந்ததும் அதிகாரிதான் முதலில் மூச்சு விட்டார்.

வாசலுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள்.

"பதிஞ்சிடுச்சு. மீதியை அவங்க பார்க்கட்டும். நீ இன்னைக்கே போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடு... ஆமா, இன்னைக்கே. அப்புறம், இனிமே பாத்திரம் தேய்க்கிறப்ப கையுறை போட்டுக்கோ."