உட்காருங்க என்றார் மேனேஜர்

ஜெயிலிலிருந்து வந்த புதிதில் புதுப்பட்டினத்தில் தங்கச்சி வீட்டுக் கூடத்தில்தான் படுத்துக் கிடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி புருஷன் டிவியில் ஒரு துருக்கிப் படத்தைப் போட்டான். யாரும் கேள்விப்படாத படம்.

"ஜெயில்லருந்து வெளிய வந்தவன் கதை மச்சான். ஒனக்குன்னே தேடிப் புட்ச்சேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. படத்தில் ஒருத்தன் வெளியே வந்த உடனே பழைய கூட்டாளி காரோடு நிற்கிறான், கையில் துப்பாக்கி கொடுக்கிறான். எனக்காக எவனும் வந்து நிற்கவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எழுந்து போகலாம் என்று பார்த்தேன். அப்போது படத்தில் வந்தவன் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். தட்டவில்லை, தள்ளவில்லை. சும்மா நின்றான்.

"இன்னா இது, படம் ஸ்டக் ஆய்ட்ச்சு" என்று மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்து ஓட்டினான்.

"ஓட்டாத மாப்ள! உள்ள இருந்தவன் தானா எந்தக் கதவையும் தொறந்ததில்ல. வேற ஒருத்தன் தொறந்து வுடணும். அதான் நிக்கிறான்."

"அதுக்குன்னு இம்மா நேரமா?" என்று தங்கச்சி சிரித்தாள்.

அடுத்த வாரம் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை என்று மாப்பிள்ளை கூட்டிப்போனான். தங்க இடமும் தருவார்கள். கிடைத்தால் அந்தக் கூடத்தை விட்டுத் தொலையலாம். இத்தனை வருஷம் துபாயில் இருந்ததாகச் சொல்லச் சொன்னான். வழியெல்லாம் அந்தப் பொய்யை மனப்பாடம் செய்தேன்.

மேனேஜர் சின்ன வயசு, மரியாதையான ஆள். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார்.

நான் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. ஜெயிலுக்குள் அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னால் அப்படித்தான் உட்கார வேண்டும், தலையை எண்ணிவிட்டுப் போவார்கள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அது எனக்குத்தான் என்று தோன்றவே இல்லை.

அவர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "போன் பண்றோம்" என்றார். துபாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே மாப்பிள்ளை பைக்கில் காத்திருந்தான். "இன்னா மச்சான், கேட்டதுக்கெல்லாம் கரெக்டா சொன்னியா?"

"எங்க கேட்டாரு? கீழ குந்திட்டேன்டா, ஜெயில்ல குந்துற மாதிரி."

"அடப்பாவி! சேர் இல்லியா?"

"இருந்துச்சு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். இதே ரோட்டில் இன்னொரு ரிசார்ட் இருக்கிறது, அங்கேயாவது சேரில் உட்கார் என்றான்.

"வர்றேன். ஆனா துபாய் கிபாய்னு சொல்ல மாட்டேன். ஜெயில்ல இருந்தேன்னு மொதல்லயே சொல்லிடுவேன்."

"வேல குடுக்க மாட்டான் மச்சான்."

"தெரியும். வண்டிய எடு."